காசாபிளாங்காவில் தெருப் பள்ளிவாசலுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

காலை பதினோரு மணிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொரோக்கோவின் காசாபிளாங்கா நகருக்குக் குடிவந்த முதல் வாரத்தில் பூட்டிய கதவின் முன்னால் போய் நின்றவள் நான். மொட்டைமாடியில் துணி காயப்போட்டபோது இரண்டு தெரு தள்ளிச் சதுரமான ஒரு மினாரா, பள்ளிவாசல் கோபுரம், தெரிந்தது. முற்பகல் தொழுகையான ளுஹா இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வருவோம் என்று கிளம்பிப் போனேன். பெரிய மரக்கதவு, வாசலில் ஒருவரும் இல்லை. எதிரே ரொட்டி விற்றுக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, காதில் கைவைத்து, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதுபோல் காட்டினார். பாங்கு கேட்டதும் வா என்கிறார் என்று புரிந்தது.

நான் கடற்கரை ஊர்ப் பெண். எங்கள் ஊரில் பெண்கள் தைக்காவில் தொழுவோம், பள்ளிவாசல் ஆண்களுக்கு. கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்த பிறகுதான், நாற்பது வயதில், வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்ஆவின் ஸஃப்பில், அதாவது தொழுகை வரிசையில், முதன்முதலாக நின்றேன். ஆகவே பெண்கள் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன். ஆண்கள் பக்கத்துச் செய்திகள் பல என் கணவர் பார்த்துச் சொன்னவை.

உள்ளே போகலாமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மொரோக்கோவில் முஸ்லிமல்லாதவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைய முடியாது. எகிப்திலோ துருக்கியிலோ சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 1912இல் பிரெஞ்சு ஆட்சி வந்தபோது அதன் முதல் தலைமை அதிகாரியாக இருந்த லியோத்தே, தம் படையினரும் குடியேறிகளும் தொழும் இடங்களில் நுழையக் கூடாதென்று தடுத்ததிலிருந்து இந்த வழக்கம் நிலைத்தது என்று இங்கே சொல்வார்கள். உங்களோடு வரும் இந்து, கிறிஸ்தவ நண்பர்களைத் தெருப் பள்ளிவாசலின் வாசல்வரை கூட்டிப்போய்ச் சங்கடப்படுத்தாதீர்கள். அவர்களுக்காகவே கடலோரத்தில் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் இருக்கிறது. 1993இல் திறந்தது. உள்ளே 25,000 பேரும் வெளிமுற்றத்தில் 80,000 பேரும் தொழலாம். தொழுகை இல்லாத நேரங்களில் சீட்டு வாங்கினால் வழிகாட்டி ஒருவர் எல்லா மதத்தாரையும் உள்ளே அழைத்துப்போகிறார். ஃபெஸ் நகருக்குப் போனால் பூ இனானிய்யா மத்ரஸாவையும் பார்க்கலாம்.

முஸ்லிம்களுக்குத் தடை எதுவும் இல்லை. மதீனா என்று சொல்லும் பழைய நகர்ப் பகுதிகளில் பேர்போன பள்ளிகளின் வாசலில் மட்டும், நம் முகத்தைப் பார்த்துச் சுற்றுலாப் பயணி என்று நினைத்து, "முஸ்லிமா?" என்று காவலர் கேட்பதுண்டு. சலாம் சொல்லுங்கள், தேவையென்றால் கலிமாவைச் சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம், அவர் தம் வேலையைச் செய்கிறார். தெருப் பள்ளிகளில் என்னை ஒருமுறைகூட யாரும் கேட்டதில்லை.

எந்தப் பள்ளி, எப்படி இருக்கும்

பள்ளிவாசலை இங்கே எல்லோரும் "ஜாமிஅ" என்றுதான் சொல்கிறார்கள். "ஃபீன் ஜாமிஅ?" என்று கேட்டால் "பள்ளி எங்கே?" என்று பொருள். சின்னப் பிள்ளையும் கைகாட்டும். ஆனால் ஜும்ஆ எல்லாப் பள்ளியிலும் நடப்பதில்லை. சிறிய பள்ளிகளில் ஐவேளைத் தொழுகை மட்டுமே உண்டு, வெள்ளிக்கிழமை பெரிய பள்ளிக்குத்தான் போக வேண்டும். வியாழக்கிழமையே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காசாபிளாங்கா பெரும்பாலும் கடந்த நூறாண்டில் வளர்ந்த நகரம். ஃபெஸ்ஸில் பார்க்கிற ஆயிரம் ஆண்டுப் பள்ளிகளை இந்நகரின் பேட்டைகளான மஆரிஃபிலோ ஹய் ஹஸனியிலோ ஐன் ஷோக்கிலோ தேடக் கூடாது. இங்கே இருப்பவை கான்கிரீட் பள்ளிகள், பல அக்கம்பக்கத்துச் செல்வந்தர்களின் நன்கொடையில் எழுந்தவை. தரைத்தளத்தில் மருந்துக்கடை, தையல்கடை, கைபேசியைப் பழுதுபார்க்கும் கடை என்று வரிசையாக இருக்கும். அந்த வாடகை பள்ளியின் செலவுக்குப் போகிறது, நம் ஊர் வக்ஃபுக் கடைகளைப் போலவே. மினாரா சதுரமாக இருக்கும். உச்சியில் ஒரு கம்பியில் பெரிதும் சிறிதுமாகக் கோளங்களைக் கோத்து நிறுத்தியிருப்பார்கள். உள்ளே சுவரின் கீழ்ப்பகுதியில் ஸெல்லீஜ் ஓட்டுத் துண்டுகளின் வேலை, மேலே செதுக்கிய சுண்ணம். கான்கிரீட் கட்டடத்திலும் இந்த இரண்டை மட்டும் கைவேலைக்காரர்களிடமே கொடுத்துவிடுகிறார்கள். தொழுகைக்கு முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு மனநிறைவாக இருக்கும். சில கூரைகளில் சூரியத் தகடுகள் தெரியும். 2014இல் தொடங்கிய பசுமைப் பள்ளிவாசல் திட்டத்தின்படி மின்விளக்குகளையும் தண்ணீர் சூடாக்கும் கருவிகளையும் மாற்றிவருகிறார்கள்.

நீங்கள் கண்டுபிடித்த பள்ளி பாங்கு நேரத்திலும் பூட்டியிருந்தால் பழுதுபார்ப்பு நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2010 பிப்ரவரியில் மெக்னெஸ் நகரின் பழைய பள்ளி ஒன்றில், ஜும்ஆ நேரத்தில் மினாரா சரிந்து விழுந்து 41 பேர் இறந்தார்கள். அதன்பின் நாடு முழுவதும் பள்ளிகளைச் சோதித்தார்கள், பலவீனமானவற்றை மூடிச் செப்பனிட்டார்கள். சரியாகும்வரை பக்கத்தில் ஒரு கொட்டகையிலோ தற்காலிகக் கூடத்திலோ தொழுகை நடக்கும். கடைக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

நேரம்: இதில்தான் பலர் தவறுகிறார்கள்

பாங்குக்குச் சற்று முன்னால் கதவு திறக்கும். தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் பூட்டிவிடுவார்கள். அந்தித் தொழுகையான மஃரிபுக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் இடையில் மட்டும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். நம் ஊரில் மதிய வெயிலுக்குப் பள்ளித் தாழ்வாரத்தில் சாய்ந்து கிடப்பார்களே, அந்த வழக்கம் இங்கே கிடையாது.

கைபேசியில் தொழுகை நேரச் செயலி வைத்திருந்தால், கணக்கிடும் முறையில் பள்ளிவாசல்களைக் கவனிக்கும் மொரோக்கோ அவ்காஃப் அமைச்சகத்தைத் தேர்ந்தெடுங்கள். வேறு முறையில் விட்டால் விடியல் தொழுகையான சுபுஹும் இஷாவும் பல நிமிடங்கள் தள்ளிப்போகும். நாட்டின் கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2018 முதல் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடுகிறது, ரமலானில் மட்டும் அந்த ஒரு மணியைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறார்கள். சுவர்க் கடிகாரத்தை மாற்ற மறந்து ஒருநாள் நோன்புக்கு முன் உண்ணும் ஸஹரைக் கைவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். ரமலான் நீங்கலாக ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் காசாபிளாங்காவில் நண்பகல் தொழுகையான லுஹர் பகல் ஒன்றேகாலுக்கும் ஒன்றே முக்காலுக்கும் பக்கத்தில் வரும். ஊரில் பன்னிரண்டரைக்குப் பழகிய வயிறு முதல் மாதம் தடுமாறும்.

ஹனஃபி வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாலைத் தொழுகையான அஸரைக் கவனியுங்கள். இங்கே மாலிகி மத்ஹப், அதாவது மார்க்கச் சட்ட மரபு. ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டதும் அஸர் வந்துவிடும். நீங்கள் பழகிய நேரத்தைவிட முன்னதாகவே ஜமாஅத் முடிந்துவிடும்.

பாங்கும் காதுக்குப் புதிதாக இருக்கும். தொடக்கத்தில் "அல்லாஹு அக்பர்" இரண்டு முறைதான், நான்கு இல்லை. இழுத்துப் பாடாமல் நேராகச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

பையில் என்ன வேண்டும்

ஒரு துணிப்பை, செருப்புக்கு. முன்பு வாசலிலேயே பிளாஸ்டிக் பைகள் கிடைக்குமாம். 2016 ஜூலை முதல் நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. சில்லறை திர்ஹம் நாணயங்கள் நாலைந்து. குளிர்காலத்தில் காலுறை, ஏனென்றால் கடற்காற்று தரைவிரிப்பையும் ஈரமாக்கிவிடும். இவ்வளவு போதும்.

ஆண்களுக்குத் தொப்பி கட்டாயமில்லை. பாதிப்பேர் வெறுந்தலையோடு தொழுவார்கள், நீள அங்கியான ஜல்லாபாவின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. முழுக்கால்சட்டையும் சட்டையும் சரியான உடை. கைலியை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அதை யாரும் உடுத்துவதில்லை. பெண்கள் சுடிதார்மேல் பெரிய துப்பட்டாவோ, புடவைமேல் நீளமான தொழுகை உடையோ போட்டுக்கொண்டால் போதும். கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. இங்கே பெண்கள் ஆரஞ்சும் நீலமுமாக ஜல்லாபா அணிந்துதான் வருகிறார்கள்.

படம் எடுக்கப் பேசியைத் தூக்காதீர்கள். பெண்கள் பகுதியில் அறவே கூடாது.

ஒளு

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவை வீட்டிலேயே செய்துகொண்டு போவது நல்லது. முடியாவிட்டால் பள்ளியின் ஒளுக்கூடத்தை "மீதா" என்று கேளுங்கள். நம் பள்ளிகளின் ஹவுழு போன்ற திறந்த குளம் புதிய பள்ளிகளில் கிடையாது. வரிசையாகக் குழாய்கள், உட்காரக் கல்திண்டு, சில இடங்களில் வாளி. பார்த்துக்கொள்கிறவர் வாசலில் ஒரு தட்டு வைத்திருப்பார். ஒரு திர்ஹம், இரண்டு திர்ஹம் போடுவது வழக்கம்.

தண்ணீரைச் சிறுகத் திறவுங்கள். பல ஆண்டு வறட்சியில் தவித்த நாடு இது. 2024 தொடக்கத்தில் காசாபிளாங்கா உட்படப் பல நகரங்களில் பொதுக் குளியலறைகளான ஹம்மாம்களையே வாரத்தில் மூன்று நாள் மூடச் சொன்னார்கள். நீங்கள் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டுத் ஈரக்கையால் தலையைத் தடவி மஸ்ஹு செய்தால் பக்கத்திலிருக்கும் பெரியவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி மூடுவார்.

தூணோரம் வழவழப்பான ஒரு கருங்கல் இருந்தால் காகிதம் பறக்காமலிருக்க வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் படக் கூடாத நோயாளிகள் ஒளுவுக்குப் பதிலாகத் தயம்மும் செய்ய வைத்திருக்கும் கல். மாலிகி மத்ஹபில் கல்லின்மேல் தயம்மும் கூடும். வயதானவர்கள் பலர் வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் கதவு

பெரிய கதவு ஆண்களுக்கு. பெண்கள் கதவு பக்கவாட்டிலோ பின்பக்கச் சந்திலோ இருக்கும். மேலே அரபியில் "முஸல்லா அந்-நிஸா" என்று எழுதியிருப்பார்கள். எழுத்து படிக்கத் தெரியாவிட்டால் ஜல்லாபா அணிந்த பாட்டி ஒருவரின் பின்னால் நடந்துவிடுங்கள். பெரும்பாலும் படியேறி மாடிக்குப் போக வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் பெண்கள் பகுதி உள்ள பள்ளியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சில பள்ளிகளில் பெண்கள் பகுதியை ஜும்ஆவுக்கும் மாலைத் தொழுகைகளுக்கும் மட்டும் திறக்கிறார்கள். ஒருநாள் பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுப் பெண்களுக்கு இடமில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

என் முதல் ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில், சுவரோரம் ஒண்டி நின்றேன். கைகால் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி திரும்பி, "ஸீதி, ஆ பின்தி" என்றார். முன்னால் வா மகளே. அவருக்கும் அடுத்த பெண்ணுக்கும் நடுவே இடம் விட்டு, தம் தொழுகை விரிப்பின் பாதியை என் பக்கம் நகர்த்தினார். அந்தச் சொல்லை நீங்களும் கேட்பீர்கள். கேட்டதும் தயங்காமல் முன்னே போங்கள். ஸஃப்பில் இடைவெளி விட்டு நிற்பவரை இங்கே யாரும் தனியே விடுவதில்லை. வயதில் மூத்த பெண்ணை "ஹாஜ்ஜா" என்றும் உங்கள் வயதொத்தவரை "க்தி", அதாவது சகோதரி, என்றும் கூப்பிடலாம். ஆண்களுக்குள் "குயா".

மாடியிலிருந்து இமாம் தெரியமாட்டார். ஒலிபெருக்கியை நம்பியே தொழ வேண்டும். அதனால்தான் அடுத்து வருவதை முன்கூட்டித் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

தொழுகையில் உங்களைக் குழப்பப்போகிற இடங்கள்

நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபி, உள்நாட்டில் ஹனஃபி. இரண்டு பேருக்குமே மாலிகி இமாமின் பின்னால் சில தடுமாற்றங்கள் உண்டு.

இமாமும் பலரும் கைகளைக் கட்டாமல் பக்கவாட்டில் தொங்கவிட்டு நிற்பார்கள். முதல் தக்பீருக்கு மட்டுமே கையை உயர்த்துவார்கள். நீங்கள் கட்டிக்கொள்ளலாம், கட்டிக்கொள்கிற மொரோக்கோக்காரர்களும் ஒவ்வொரு ஸஃப்பிலும் இருக்கிறார்கள். ஒரே வரிசையில் இரண்டும் இருக்கும், ஒருவரை ஒருவர் பார்த்து முகம் சுளிப்பதில்லை. ஊரில் இதற்காக ஜமாஅத்துகள் பிரிந்ததைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அந்த அமைதி மிகவும் பிடித்துப்போனது.

குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா நேராக "அல்ஹம்து" என்று தொடங்கும், "பிஸ்மில்லாஹ்" காதில் விழாது. ஓதுவது வர்ஷ் கிராஅத், அதாவது வர்ஷ் என்ற ஓதல் முறை. நாம் "மாலிகி யவ்மித்தீன்" என்று நீட்டுவதை இவர்கள் "மலிகி" என்று குறுக்குவார்கள். இமாம் தவறிவிட்டார் என்று திருத்தப் போய்விடாதீர்கள். ஃபாத்திஹா முடிந்ததும் மாலிகி வழக்கப்படி ஆமீன் மெதுவாகத்தான்.

சுபுஹு தொழுகையில் ஷாஃபிகளுக்கு ஒரு சோதனை. குனூத் என்ற வேண்டுதல் உண்டு. ஆனால் குனியும் ருகூஉக்கு முன்னால், மனத்துக்குள். இரண்டாவது ரக்அத்தில் சூரா முடிந்தபின் இமாம் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். மறந்துவிட்டார் என்று தோன்றும். அவர் குனூத் ஓதிக்கொண்டிருக்கிறார். ருகூஉவிலிருந்து எழுந்ததும் கைகளை ஏந்தக் காத்திருந்தால் இமாம் சுஜூதுக்குப் போயிருப்பார்.

அத்தஹிய்யாத்தில் சுட்டுவிரலை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே இருப்பார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சலாம். இமாம் ஒரே ஒரு சலாம்தான் சொல்வார். முதல் நாள் நான் இரண்டாவது சலாமுக்குக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெண் என் முழங்கையைத் தொட்டு "தகப்பல் அல்லாஹ்" என்று கை நீட்டியபோதுதான் தொழுகை முடிந்துவிட்டது என்று உறைத்தது. "அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்" என்று பொருள். இது இங்கே தொழுது முடித்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. கைகொடுத்து "மின்னா வ மின்கும்" என்று பதில் சொல்லுங்கள்.

பள்ளிக்குள் நுழைந்ததும் தொழும் இரண்டு ரக்அத்தைச் சில நேரங்களில் இவர்கள் தொழமாட்டார்கள். மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால் போனால் எல்லோரும் உட்கார்ந்தே இருப்பார்கள். வெள்ளிக்கிழமை உரையான குத்பா நடக்கும்போது வந்தாலும் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். ஷாஃபிகள் சுருக்கமாகத் தொழுதுகொள்ளலாம், தடுக்கமாட்டார்கள். மத்ஹப் மாறிய இமாமின் பின்னால் தொழுவதுபற்றி உள்ளூர ஐயம் இருந்தால் விமானம் ஏறுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இங்கே வந்து ஸஃப்பில் நின்றுகொண்டு யோசித்தால் மனம் தொழுகையில் நிற்காது.

வெள்ளிக்கிழமை

முக்கால் மணி முன்னதாகப் போகாவிட்டால் தெருவில்தான் இடம். அதுவும் குறைவில்லை. தெருவை மறித்துப் பாய்களையும் விரிப்புகளையும் போட்டு நீளமாக ஸஃப் கட்டுவார்கள், மஞ்சள் மேற்சட்டை போட்ட வண்டிக் காவலர் வாகனங்களைத் திருப்பிவிடுவார். வெயிலுக்குத் தலையில் ஏதாவது இருந்தால் நல்லது.

இமாம் மிம்பரில் உட்கார்ந்ததும் பாங்கு ஒன்றோடு நிற்காது. ஒருவர் முடித்ததும் அடுத்தவர், அவர் முடித்ததும் மூன்றாமவர் என்று மூன்று முறை சொல்வார்கள். அதன்பின் ஒருவர் எழுந்து, குத்பா நேரத்தில் பக்கத்திலிருப்பவரிடம் "பேசாதே" என்று சொல்வதுகூட வீண்பேச்சுதான் என்ற ஹதீஸை ஓதுவார். நம் ஷாஃபி பள்ளிகளில் மோதினார் அஸா என்ற கோலைக் கையில் பிடித்துக்கொண்டு மஆஷிரா ஓதி உரையாற்றும் கதீபிடம் கொடுப்பாரே, அதே ஹதீஸ். முதல் சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிறுவயதில் தெருவிலிருந்து மட்டுமே கேட்ட குரல் அது. கதீப் கையிலும் கோல் இருக்கும்.

குத்பா அரபியில், பெர்பர் மொழியான அமாஸிக் பேசும் சில ஊர்களில் அமாஸிக்கில். நீளமாகப் போகாது. 2024 முதல் பெரும்பாலான பள்ளிகளில் அவ்காஃப் அமைச்சகம் அனுப்புகிற ஒரே உரையைத்தான் வாசிக்கிறார்கள். கடைசி துஆவில் மன்னரை "அமீருல் முஃமினீன்", நம்பிக்கையாளர்களின் தலைவர், என்று சொல்லி அவருக்காகவும் கேட்பார்கள். பள்ளிக்குள் அரசியல் பேசுவதும், துண்டறிக்கை கொடுப்பதும், நீங்களாக எழுந்து நின்று உதவி கேட்பதும் பணம் திரட்டுவதும் கூடாது. ஊரில் தொழுகை முடிந்ததும் எழுந்து அறிவிப்புச் செய்கிற பழக்கம் உள்ளவர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

வெளியே வந்தால் திருவிழாபோல் இருக்கும். அத்திப்பழம், ஆலிவ், அத்தர், காலுறை, குழந்தைத் துணி எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். சில வீடுகளிலிருந்து பெரிய மண்தட்டில் குஸ்குஸ் கொண்டுவந்து பள்ளி வாசலில் வைப்பார்கள், இல்லாதவர்களுக்கென்று. மேலே ஏழு வகைக் காய், நடுவில் இறைச்சி. உங்களையும் உட்காரச் சொல்வார்கள். ஒரு வாய் சாப்பிடுங்கள், உங்கள் முன்னாலிருக்கும் பகுதியிலிருந்து, வலக்கையால். கையால் சாப்பிடத் தெரிந்த நமக்கு இதில் யாரும் எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தொழுகைக்குப் பின்: ஹிஸ்பும் மரப்பலகையும்

எழுந்து ஓடாதீர்கள். மொரோக்கோவின் மிக அழகான வழக்கம் இங்கேதான் இருக்கிறது. சுபுஹுக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒரே குரலில், ஒரே வேகத்தில் குர்ஆன் ஓதுவார்கள். குர்ஆனை 60 ஹிஸ்பாகப் பிரித்திருக்கிறார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முப்பது நாளில் ஒரு கத்தம், அதாவது குர்ஆன் முழுவதும். மாதம் பிறந்தால் மறுபடி முதலிலிருந்து. பலர் கையில் முஸ்ஹஃபே, குர்ஆன் பிரதியே, இருக்காது. மூச்சுவாங்க ஒருவர் நிறுத்தும் இடத்தில் அடுத்தவர் குரல் தாங்கிக்கொள்ளும், ஓசை அறுபடாது. மாடியில் பெண்கள் உதட்டசைவில் கூடவே ஓதுவதைப் பார்த்திருக்கிறேன்.

அலமாரியிலிருந்து முஸ்ஹஃபை எடுத்தால் சற்று நேரம் கண் தடுமாறும். மக்ரிபி எழுத்து. ஃபாவுக்குப் புள்ளி கீழே, காஃபுக்கு மேலே ஒரே புள்ளி. நாம் ஃபா என்று படிப்பது இங்கே காஃபாக இருக்கும். மனப்பாடமான சூராவை எடுத்து எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டே நாளில் பழகிவிடும். நான் யாசீனில் தொடங்கினேன்.

இமாமைப் பொதுமக்கள் "ஃப்கீஹ்" என்பார்கள். பிள்ளைகளை ஓதவிட விரும்பினால் அவரிடம் கேளுங்கள். பள்ளியோடு ஒட்டிய மத்ரஸாவில் சில இடங்களில் இன்றும் மரப்பலகையில் எழுதி, மனப்பாடமானதும் கழுவி, களிமண் பூசி அடுத்த பாடம் எழுதுகிறார்கள். என் உம்மம்மா பலகையில் ஓதிய கதையைச் சொல்வார். நான் பலகையைக் கண்ணால் பார்த்தது இங்கேதான்.

பெண்கள் ஐயம் கேட்க ஆள் தேடினால் "முர்ஷிதா" என்று கேளுங்கள். பெண்களுக்கு மார்க்கம் சொல்லித்தரவென்றே பயிற்சி பெற்ற பெண்கள் இவர்கள். 2006இல் முதல் அணியில் 50 பேர் படித்து வெளிவந்தார்கள். வார நாட்களில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் வகுப்புகளும் பல பள்ளிகளில் நடக்கின்றன. அறுபது வயது ஹாஜ்ஜாக்கள் குறிப்பேட்டோடு மாடியேறிப் போவதைப் பார்க்கலாம்.

"எங்கிருந்து வருகிறாய்?" என்ற கேள்வி வரும். இந்தியா என்றதும் திரைப்பட நடிகர்களின் பெயர்களைச் சொல்வார்கள். முதிய ஃப்கீஹ் யாராவது கேட்டால், எங்கள் கரையில் சூஃபி வழியான ஷாதுலிய்யா தரீக்காவைப் பின்பற்றும் ஊர்கள் இருக்கின்றன, ஃபாஸி என்ற பெயர் எங்களுக்கு வீட்டுப் பெயர்போலப் பழகியது என்று சொல்லிப் பாருங்கள். அந்தத் தரீக்காவின் மூலவரான இமாம் ஷாதுலி பிறந்தது மொரோக்கோவின் வடக்கே, குமாரா பகுதியில். ஃபாஸி என்றால் ஃபெஸ் நகரத்தார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் பேருவளையிலும் மக்கள் நாள்தோறும் சொல்லும் ஒரு பெயருக்கு ஊர் இங்கே இருக்கிறது என்பதை நான் ஒரு முதிய ஃப்கீஹிடம் சொன்னபோது, அவர் எழுந்து என் கணவரைக் கட்டிக்கொண்டார்.

ஜனாஸா அறிவித்தால்

கடமையான தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் "ஜனாஸத்து ரஜுல்" என்று கேட்டால் ஆணின் ஜனாஸா, அதாவது இறந்தவருக்கான தொழுகை, "ஜனாஸத்து இம்ரஆ" என்றால் பெண்ணின் ஜனாஸா. எழுந்து போய்விடாதீர்கள், எல்லோரும் அப்படியே நிற்பார்கள். இறந்தவரின் உடலைப் பள்ளிக்குள் வைப்பதை மாலிகிகள் விரும்புவதில்லை. கிப்லாச் சுவருக்கு அப்பாலோ வெளியிலோ வைத்திருப்பார்கள். நான்கு தக்பீர், நம்முடையதைப் போலவே. இறந்தவர் யார் என்று தெரியாமலேயே அந்தத் தெருவே அவருக்காக நிற்கும்.

ரமலானில்

நேரமும் கூட்டமும் எல்லாம் மாறும். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் இஷாவுக்குப் பின் ஒரு பகுதி, சுபுஹுக்கு முன் ஒரு பகுதி என்று இரண்டாகப் பிரிந்து நடக்கும். குரல் இனிய இளம் ஹாஃபிழ் ஒருவர் தெருப் பள்ளிக்கு வாய்த்துவிட்டால் பக்கத்துப் பேட்டைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். இரண்டாம் ஹசன் பள்ளிவாசலில் இமாம் உமர் கஸாபிரியின் பின்னால் தொழப் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். ஒருநாள் போய்ப் பாருங்கள். ஆனால் சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் தெருப் பள்ளிதான் சரி. பெண்கள் பகுதி நிரம்பி வழிந்தால் வெளியே தனியாகப் பாய் விரிப்பார்கள். 27ஆம் இரவில் குழந்தைகளுக்குப் புத்தாடை அணிவித்துக் கூட்டிவருவார்கள்.

முதல் முறைக்கு எந்தத் தொழுகை

மஃரிப். மற்ற நேரங்களைவிட இதுதான் புதியவர்களுக்கு எளிது. வீட்டில் ஒளு செய்துகொள்ளுங்கள். பாங்குக்குப் பத்து நிமிடம் முன்னால் வாசலில் இருங்கள். செருப்பைக் கழற்றி அடிப்பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பைக்குள் போடுங்கள், தூணோரத் தாழ்வான மரத்தட்டில் வையுங்கள், எந்தத் தூண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொழுபவர் குறுக்கே நடக்காமல் ஓரமாகப் போய் ஸஃப்பில் உட்காருங்கள். பாங்கு முடிந்த சற்று நேரத்தில் தொழுகை தொடங்குவதை அறிவிக்கும் இகாமத், அதில் தக்பீரைத் தவிர ஒவ்வொரு சொற்றொடரும் ஒரே தடவை என்பதால் சட்டென முடிந்துவிடும், உடனே எழுந்துவிடுங்கள். மூன்று ரக்அத், ஒரு சலாம். கை நீட்டுகிறவருக்குக் கைகொடுங்கள். பிறகு ஹிஸ்பு தொடங்கும். சுவரில் சாய்ந்து இஷாவரை உட்கார்ந்திருக்கலாம், அந்த நேரத்தில் கதவைப் பூட்டமாட்டார்கள்.